முந்திரிகைப் பந்தலும் தங்கூசி வலையும்

யாழ்ப்பாணம் உரும்பிராய் வளவில் நட்ட முந்திரிகைக்கு இது மூன்றாவது காய்ப்பு. (கஜு இல்லை, திராட்சைக்குத்தான் எங்கள் ஊரில் இந்தப் பெயர்.) முதல் இரண்டு தடவையும் பழம் கறுக்கத் தொடங்கியதுமே பகலில் கிளியும் குயிலும், இரவில் வௌவாலும் பங்கு போட்டுவிட்டன. எனக்கு மிஞ்சியது காம்பு. அதனால் இந்த முறை பந்தல் முழுவதையும் பழைய தங்கூசி வலையால் (ஒற்றை நைலோன் இழை மீன்வலை) மூடி, பக்கங்களில் நிலம்வரை தொங்கவிட்டேன். கடலில் இந்த வலைக்குத் தடை. வளவில் யார் கேட்கப்போகிறார்கள்?

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் ஒரு புலுனி (தவிட்டுக்குருவி) காலில் சிக்கித் தொங்கியது. கூட்டம் முழுக்கச் சுற்றி நின்று கத்தியது. கத்தரிக்கோலால் வெட்டி விட்டேன். அத்தோடு வலையைக் கழற்றியிருக்கவேண்டும். பழத்தாசை, கழற்றவில்லை.

அடுத்த கிழமை கிணற்றடிப் பக்கம், நிலத்தில் குவிந்து கிடந்த வலையில் ஆறடிச் சாரை. தலை கண்ணிக்குள் நுழைந்துவிட்டது, உடல் தடித்த இடத்தில் இறுகிவிட்டது. பாம்பின் செதில் பின்னோக்கி இருப்பதால் திரும்ப இழுக்கவும் முடியாது. நான் பார்த்தபோது வெயிலில் காய்ந்து செத்திருந்தது. “எலி பிடிச்சுக்கொண்டு திரிஞ்ச சீவனடா அது” என்றார் ஆச்சி. அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் எலி வந்தது. அந்த ஒரு சாரை போனதால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வலையையே ஏணியாக்கி ஏறிக் குலையைக் கொறித்ததை டோர்ச் வெளிச்சத்தில் கண்ணால் கண்டேன்.

அவுஸ்திரேலியாவில் இருக்கிற தம்பியிடம் சொன்னேன். அங்கே விக்ரோறியா மாநிலத்தில் 2021 செப்டெம்பரிலிருந்து வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண்ணி, இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாதாம். “விரலை விட்டுப் பாரண்ணை, போனால் அந்த வலை சரிவராது” என்றான். என் வலைக்குள் மூன்று விரல் போனது.

வலையைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட்டேன். பழைய நுளம்பு வலையில் சிறு பைகள் தைத்து, குலைக்கு ஒன்றாக 38 பை. தைக்க இரண்டு இரவு, கட்டக் கழுத்து வலி. இரண்டு குலையைப் பைக்கு மேலாலேயே வௌவால் சப்பிவிட்டது. இறுக்கிக் கட்டிய ஒன்றில் பூஞ்சணம். உச்சியில் எட்டாத ஐந்து குலைக்குப் பை கட்டவில்லை. காலையில் கிளிகள் அங்கேதான்.

எலி இன்னும் இருக்கிறது.