லீட்ஸ் நாட்குறிப்பு: நலம் விசாரித்தால் என்ன சொல்வது?

அக்டோபர் 6, 2025, திங்கள்

மதுரையிலிருந்து வந்து எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர், காலையில் மேலாளர் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டதும், தம் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறது போலும் என்று எண்ணி, இரவு உறக்கம் வராததையும் ஊர் நினைவு வாட்டுவதையும் விளக்கத் தொடங்கிவிட்டார். மேலாளரோ அதற்குள் பாதி வராந்தாவைக் கடந்திருந்தார். "அவங்கதானே அக்கா கேட்டாங்க?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பிரிட்டனில் இது பெரும்பாலும் உடல்நல விசாரணையே அன்று, 'யா, யூ?' என்று நடையை நிறுத்தாமல் சொன்னால் போதும். தெருவில் எதிர்ப்படுபவர் 'எங்கே இந்தப் பக்கம்?' என்றால் 'சும்மாதான்' என்று நகர்கிறோமே, அதே கணக்குதான்.

அக்டோபர் 8, புதன்

நேர்காணல், மூத்த மருத்துவருடன் முதற்சந்திப்பு போன்ற இடங்களில் 'ஹவ் ஆர் யூ?' என்பதற்கு 'வெரி வெல், தேங்க் யூ. அண்ட் யூ?' என்பது பொருத்தமான மறுமொழி. இதில் நன்றியும் திருப்பிக் கேட்பதும்தான் முக்கியம். பள்ளியில் படித்த 'ஐ ஆம் ஃபைன்' என்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால், பேச விருப்பமில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஹவ் டூ யூ டூ?' என்பதற்கு அதையே திருப்பிச் சொல்வதுதான் பழைய முறை. இப்போது அதை முதியவர் சிலரிடம் மட்டுமே கேட்கிறேன்.

அக்டோபர் 11, சனி

கர்க்கேட் சந்தையில் காய்கறிக்காரர் 'நௌ தென், லவ்' என்றார். லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயரில் இதுவும் ஒரு வணக்கமே. 'நௌ தென்' என்றோ 'ஆல்ரைட்' என்றோ பதில் சொல்லலாம். 'லவ்' என்பது இங்கே யாரையும் அழைக்கும் சாதாரணச் சொல்தான், அதற்காக யாரும் முகம் சிவக்க வேண்டியதில்லை.

இரவுப் பணிக்கு வந்து நுழையும்போதே 'குட் நைட்' சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது விடைபெறும்போது சொல்வது. வரும்போது 'குட் ஈவ்னிங்', அதற்கு மறுமொழியும் அதுவே.

அக்டோபர் 13, திங்கள்

இன்று அதே செவிலியர், இடுப்பு அறுவை முடிந்த முதியவரிடம் 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்க, அவர் 'நாட் டூ பேட்' என்றார். இவ்வூரார் நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பல்லைக் கடித்து வலியைத் தாங்கிக்கொண்டிருந்தாலும் மரியாதைக்காக அதையேதான் சொல்வார்கள். போர்வையை இறுகப் பற்றியிருந்த அவர் கையைக் காட்டி, வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று தனியாகக் கேட்கச் சொன்னேன். எட்டு என்றார்.