கையில் காசு, கடையில் சரக்கில்லை

இன்று லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில், போர்க்கால உடைக் கூப்பன் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. நான்கைந்து கட்டங்களைக் கத்தரித்திருக்கிறார்கள். மீதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. கத்தரித்த ஓரங்கள் அவ்வளவு நேர்த்தி.

பார்த்ததும் நெஞ்சு கனத்தது.

1941 ஜூனில் பிரிட்டனில் துணி ரேஷன் வந்தபோது, ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். ஆண்களுக்கான முழு சூட் ஒன்றுக்கே 26 போய்விடும். கூப்பன் கொடுத்தால் மட்டும் போதாது, விலையையும் கொடுத்தாக வேண்டும்.

போர் வேலையைப் பெருக்கியது, கூலியையும் உயர்த்தியது. வாங்கத்தான் எதுவும் இல்லை. மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி சினிமாவுக்குப் போனது. பெரும்பகுதி சேமிப்புப் பத்திரங்களுக்கும், தெருவுக்குத் தெரு முளைத்த சேமிப்புக் குழுக்களுக்கும் போனது. அரசு விரும்பியதும் அதுதான். அத்தனை பணமும் கடைக்கு வந்திருந்தால் விலைவாசி எங்கேயோ போயிருக்கும்.

இதைச் சிக்கனம் என்று புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்குச் சட்டை எடுக்க முடியாமல் மிஞ்சிய காசு அது.

1941இல் வருமான வரியை உயர்த்தியபோது, அதில் ஒரு பகுதியைப் போருக்குப் பின் திருப்பித் தருவதாக அரசு வாக்களித்தது. முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தார்கள். பலருக்கு அது கைக்கு வர 1970கள் ஆகிவிட்டன. அதற்குள் பணத்தின் மதிப்பு எவ்வளவோ தேய்ந்துவிட்டது.

வட்டியும் பெரும்பாலான காலத்துக்குக் கிடையாது.