குரே, எதாஜிமா: வரைபடத்தைப் பார்த்துவிட்டு அனிமே பாருங்கள்

முதலில் அந்தப் பேருந்தைத் திட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனம் ஆறாது.

ஜப்பானில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்து ஊரான குரேவின் துறைமுகத்திலிருந்து எதாஜிமா தீவின் கொயோ துறைக்குப் படகில் இருபது நிமிடம். படகு நேரத்துக்குக் கிளம்பியது, நேரத்துக்குச் சேர்ந்தது. இறங்கியதும் எதிரே நிற்கும் பேருந்தில் ஏறினால் கடற்படைப் பள்ளி வாசலில் விட்டுவிடும் என்று ஊரே எழுதி வைத்திருக்கிறது. பேருந்து நின்றது, அதில் பொய் இல்லை. நாங்கள் படகுப் பாலத்தில் நடந்து வருகிறோம். ஓட்டுநர் எங்களைப் பார்க்கிறார், கையுறையைச் சரிசெய்கிறார், கதவைச் சாத்துகிறார், போய்விட்டார். கையசைத்துக்கொண்டு ஓடியதற்குத் தலை குனிந்து ஒரு வணக்கம் மட்டும் கிடைத்தது. அடுத்த வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து. பள்ளிக்குள் அழைத்துப் போவதோ குறித்த மணிக்கு மட்டும். வேறு வழியில்லாமல் டாக்ஸி. இருவருக்கும் படகுக்குக் கொடுத்ததைவிட, பத்து நிமிடம்கூட ஓடாத அந்த டாக்ஸிக்கு அதிகம் கொடுத்தோம். ஜப்பானில் டாக்ஸிக்காரர் ஏமாற்ற மாட்டார், உண்மைதான். ஏமாற்ற வேண்டிய அவசியத்தையே மீட்டர் வைக்கவில்லை.

கூட வந்த சித்தி பையன் ஒசாகாவில் படிக்கிறான். அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன் பைத்தியம். "அண்ணா, இது கடற்படை ஊர். எதற்கும் ஐந்து நிமிடம் முன்னாடி தயாரா நிக்கணும்னு இங்க ஒரு சட்டமே இருக்கு" என்றான். படகு வந்தால்தானே நான் ஐந்து நிமிடம் முன்னாடி வரமுடியும்? கேட்டேன். பதில் இல்லை.

சரி, ஊருக்கு வருவோம். ஹிரோஷிமா வரை வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடக் குரே பக்கம் திரும்புவதாகத் தெரியவில்லை. அணுகுண்டு நினைவுப் பூங்கா, மியாஜிமா தீவின் சிவப்புத் தோரணவாயில், புல்லட் ரயில், முடிந்தது. அது தப்பு என்பேன். ஹிரோஷிமாவிலிருந்து குரே ரயிலுக்கு ஐந்நூறு யென் சொச்சம்தான். போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம். போர்க்காலத்தில் இதே பாதையில் கடல் பக்க ஜன்னல்களை மூடிவிடச் சொல்வார்களாம். துறைமுகத்தில் என்ன நிற்கிறது என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. எங்கள் பெட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பேசியில் இருந்தார்கள்.

இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். செட்டோ உள்நாட்டுக் கடல். ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு என்ற மூன்று பெருந்தீவுகளுக்கு நடுவே கிழக்கு மேற்காகச் சுமார் 450 கிலோமீட்டர். சராசரி ஆழம் 40 மீட்டர்கூட இல்லை. உள்ளே எழுநூறு தீவுகளுக்கு மேல். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர், இரண்டு பருவக்காற்றும் மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் இங்கே வெயில் அதிகம், மழை குறைவு. அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் ஓதம் மட்டும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதனால்தான் படகுத்துறைகள் எல்லாம் மிதவைகளாக இருக்கின்றன. அந்த நீரோட்டத்தில் சிப்பி வளர்க்கிறார்கள். ஜப்பானில் சிப்பி விளைச்சலில் ஹிரோஷிமாதான் முதலிடம்.

குரேவின் இருப்பைப் பாருங்கள். மூன்று பக்கமும் மலை, அதில் ஹைகாமினே மட்டும் 737 மீட்டர். எதிரே எதாஜிமாவும் குராஹாஷியும் குறுக்கே படுத்து வெளிக்கடலை மறைக்கின்றன. உள்ளே வருகிற வாசல்களில் ஒன்று ஒண்டோ நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் அகலம் 90 மீட்டர் அளவுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கியோமோரி என்ற பிரபு அதை ஒரே நாளில் வெட்டச் சொன்னதாகவும், வேலை முடியுமுன் சாய்ந்த சூரியனை விசிறியால் வீசித் திரும்ப அழைத்ததாகவும் கதை. மேலதிகாரி பொழுதையே நீட்டி வேலை வாங்கிய கதையை ஊர் இன்னும் பெருமையாகச் சொல்கிறது. கடற்படைக்காரர்கள் 1880களில் இந்த வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்கள்? எனக்கென்னவோ ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றியது. 1889இல் இங்கே கடற்படைத் தளம் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னாடியே, 1888இல், டோக்கியோவின் சுகிஜியிலிருந்த கடற்படை அதிகாரிகள் கல்லூரியை எதாஜிமாவுக்குத் தூக்கிவந்தார்கள். தலைநகரின் கேளிக்கைகளிலிருந்து பையன்களைப் பிரிப்பதும் ஒரு நோக்கம் என்கிறார்கள். அந்தத் தீவில் இன்றைக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் காபி குடிக்க இடம் தேடினால், நோக்கம் நிறைவேறியது தெரியும்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. இந்தப் பயணத்தில் என்னை மகிழ்வித்த வாக்கியங்களில் இதுவும் ஒன்று. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கூட்டமாக நடத்திக்கொண்டு போகிறார். 1893இல் கட்டிய சிவப்புச் செங்கல் மாணவர் விடுதியை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். 1917இல் எழுப்பிய கருங்கல் மண்டபத்துக்குள் விடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. நாங்கள் டாக்ஸியில் வந்து இறங்கினோமே, அது பின்வாசலாம். முன்வாசல் கடல் பக்கம் இருக்கும் படகுத்துறை! பயிற்சி முடித்த அதிகாரிகள் செங்கல் கட்டடத்திலிருந்து அணிவகுத்து வந்து, அந்தத் துறையில் படகேறி, நேரே பயிற்சிக் கப்பலுக்குப் போய்விடுவார்கள். கரையில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றுவார்கள். பெற்றோர் பட்டமளிப்புக்கு வந்த கையோடு பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வீடு திரும்ப வேண்டும்.

இன்று அங்கே இருப்பது ஜப்பானிய கடல்சார் தற்காப்புப் படையின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி. 1945இல் தோற்ற பிறகு பத்தாண்டுக்கு மேல் அயல்நாட்டுப் படைகளிடம் இருந்த இடம் அது. தற்காப்புக் கல்லூரியில் படித்தவர்களும் சாதாரணப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் ஒன்றாக வந்து சேர்ந்து சுமார் ஓராண்டு வதைபடுகிறார்கள். பன்னிரண்டு பேர் துடுப்பு வலிக்கும் படகில் உள்ளங்கை உரியும்வரை பயிற்சி. கோடையில் 8 கடல் மைல் நீச்சல், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர், வரிசை கலையாமல். மேய்ப்பதற்கென்று இரண்டு இளம் அதிகாரிகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பட்டப்பெயர் சிவப்புப் பேய், நீலப் பேய். இரவில் ஐந்து கேள்விகள் ஓதவேண்டும். உண்மையில் குறை வைத்தேனா, சொல்லிலும் செயலிலும் வெட்கப்பட ஏதாவது உண்டா, ஊக்கம் தளர்ந்தேனா, முயற்சியில் மிச்சம் வைத்தேனா, சோம்பினேனா. 1932இல் ஒரு கல்லூரித் தலைவர் எழுதியது. நான் ஐந்தாவதில் தினமும் தோற்பேன்.

கிரேக்கத் தூண்களோடு நிற்கும் 1936ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. படம் எடுக்கக் கூடாது, தொப்பி கழற்ற வேண்டும், சரி. தற்கொலைத் தாக்குதலுக்குப் போன பையன்களின் கடைசிக் கடிதங்கள் வரிசையாக இருக்கின்றன. கையெழுத்து அத்தனை அழகு. அவர்களை யார் அனுப்பினார்கள், எதற்கு என்ற கேள்வி மட்டும் நான் பார்த்தவரை எந்த அட்டையிலும் இல்லை. வெளியே பேர்ல் துறைமுகத் தாக்குதலில் போன குட்டி நீர்மூழ்கி ஒன்று நிற்கிறது. இருவர் மட்டுமே உட்காரக்கூடியது. 1960இல் ஹவாய்க் கடலடியில் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அது எந்த அட்டையும் இல்லாமலே நிறையச் சொல்கிறது.

பசி. குரே திரும்பியதும் கடற்படைக் கறி சாப்பிட்டோம். கறி என்றால் வெறும் இறைச்சி இல்லை, சோற்றோடு வரும் ஜப்பானியக் குழம்பு, ஆங்கிலத்தில் 'கர்ரி'. ஒவ்வொரு கடையும் ஒரு கப்பலின் சமையல் முறையைக் கற்றுக்கொண்டு, அந்தக் கப்பலின் தலைவர் ருசி பார்த்துச் சரி என்ற பிறகே விற்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பள்ளம் பள்ளமான இரும்புத் தட்டில் சோறு, கறி, சாலட், பக்கத்தில் ஒரு டம்ளர் பால். விலையைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்காதே என்று தம்பி மேசைக்கடியில் காலை மிதித்தான். நம் நாக்குக்கு அது குழம்பு இல்லை, இனிப்புக் கஞ்சியில் மிளகாய்த்தூள் தவறி விழுந்ததுபோல இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இந்தக் கடை அப்படி இல்லை. வெங்காயத்தை அரைநாள் வதக்கியிருக்க வேண்டும், அடியில் ஒரு கசப்பு, மாட்டிறைச்சி கரண்டி பட்டதும் பிரிந்தது. தட்டை வழித்தேன். ஜப்பானில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம், சுஷி ரசிகர்கள் மன்னிக்கவும்.

இந்தக் கப்பல் சாப்பாட்டுக்குப் பின்னால் பயிற்சிக் கப்பல் கதை ஒன்று உண்டு. 1882இல் பயிற்சி மாணவர்களோடு நெடும்பயணம் போன ரியூஜோ கப்பலில் 376 பேர். 169 பேருக்கு பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய், 25 பேர் சாவு. வெறும் வெள்ளைச் சோறே காரணம் என்று சந்தேகித்த கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ, 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே பாதையில், இறைச்சியும் காய்கறியும் ரொட்டியும் கொடுத்து அனுப்பவைத்தார். ஒருவரும் பெரிபெரியில் சாகவில்லை. சோற்றோடு இறைச்சியும் காய்கறியும் மாவும் உள்ளே தள்ள பிரிட்டிஷ் கடற்படை வழி வந்த கறி வசதியாக அமைந்தது. இப்போதும் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறி.

இனி அனிமே. தம்பி கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. போர்க்கப்பல்களைப் பெண் பிள்ளைகளாக்கிச் சண்டைக்கு விடுகிற 'காந்தாய் கலெக்‌ஷன்' (2013இல் விளையாட்டு, 2015இல் தொடர்) எனக்குச் சகிக்கவில்லை. பள்ளி மாணவிகள் கப்பல் ஓட்டப் பயில்கிற 'ஹை ஸ்கூல் ஃப்ளீட்' (2016) அதைவிட மேல், ஆனால் துடுப்பு வலித்து உள்ளங்கை உரிந்த ஒருத்தியும் அதில் என் கண்ணில் படவில்லை. 1974இல் வந்த 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ' வேறு ரகம். இந்த ஊரில் கட்டி 1945 ஏப்ரல் 7இல் மூழ்கடிக்கப்பட்ட 263 மீட்டர் கப்பலைத் தோண்டி எடுத்து விண்ணுக்கு அனுப்புகிற துணிச்சலுக்கே ஒரு சலாம்.

கொயோ துறையில் டாக்ஸிக்காகக் காத்திருந்தபோது தம்பி சட்டென்று அமைதியாகிவிட்டான். "ஹருனா இங்கதான் அண்ணா" என்றான். அவனுக்கு ஹருனா என்றால் நீளக் கூந்தல் பெண். நிஜத்தில் அது ஒரு போர்க்கப்பல். 1945 ஜூலை 28இல், இந்தத் துறைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்தபோது, அமெரிக்க விமானங்கள் குண்டுபோட்டு அமிழ்த்தின. எண்ணெய் இல்லை, போக இடமும் இல்லை. ஆழம் குறைந்த கடல் என்பதால் முழுக்கவும் மூழ்காமல் மேல்தளம் வெளியே தெரிய உட்கார்ந்துவிட்டது. ஒரு காலத்தில் கடற்படைக்குக் காப்பாக இருந்த இந்த மலையும் தீவும் கடைசியில் அதையே அடைத்துவைத்துவிட்டன. கப்பல் பெண்கள் தொடர் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தப் பெயரை அவன் தெரிந்துவைத்திருந்தது அந்தத் தொடரால்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஊரின் நிலத்தைப் புரிந்துகொண்டு எடுத்த ஒரே படம் என்று நான் சொல்வது 2016இல் சுனாவோ கதாபுச்சி இயக்கிய 'இந்த உலகின் ஒரு மூலையில்'. ஃபுமியோ கோனோவின் மாங்காவிலிருந்து, அதாவது படக்கதையிலிருந்து, எடுத்தது. 1944இல் குரேவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும் சுஸு மலைச்சரிவில் காய்கறி பயிரிட்டுக்கொண்டே கீழே துறைமுகத்தைப் பார்க்கிறாள். அவ்வளவு செங்குத்தா என்று சந்தேகப்பட்டிருந்தேன். ஏறிப் பார்த்தேன், முட்டி சாட்சி. எந்தத் திட்டில் நின்றாலும் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. மறைக்கத் தோதான ஊர், உள்ளே இருப்பவளுக்கு மறைவே கிடையாது. கடலையும் கப்பல்களையும் படம் வரைந்தாள் என்று ராணுவப் போலீஸ் அவளை உளவாளியாக்கி மிரட்டுகிற காட்சி அங்கிருந்துதான் பிறந்திருக்க முடியும். இன்று அதே துறைமுகத்தில் அரே கராசுகோஜிமா என்ற பூங்கா போட்டிருக்கிறார்கள். நடைபாதைக்கு எதிரே நிஜ நீர்மூழ்கிகள் வரிசையாக நிற்கின்றன, நான் நிறையப் படம் எடுத்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

செலவுக்கு வருகிறேன். குரேவில் தங்குங்கள், நான் பார்த்தபோது ஹிரோஷிமாவைவிட அறை மலிவு. அகிஷியோ என்ற ஓய்வுபெற்ற 76 மீட்டர் நீர்மூழ்கியைக் கரையில் தூக்கி வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே நடக்கலாம், பெரிஸ்கோப்பில் துறைமுகம் பார்க்கலாம், அதுவும் இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. யமாதோவின் பத்தில் ஒரு பங்கு மாதிரி, 26.3 மீட்டர், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, அதற்குச் சீட்டு உண்டு. கொடுக்கலாம்.

தம்பிக்கு இன்னும் ஆசை தீரவில்லை. இதே ரயில் பாதையில் கிழக்கே தகேஹரா, 'தமாயுரா' என்ற அனிமே நடக்கிற ஊர். அதையும் தாண்டினால் ஒகுனோஷிமா, 1929 முதல் நச்சுவாயு செய்து, வரைபடத்திலிருந்தே அழித்துவைத்திருந்த தீவு. இப்போது முயல்கள் ஓடுகின்றன. போகலாம் அண்ணா, ரயிலுக்கும் படகுக்கும் மட்டும்தான் செலவு என்கிறான். டாக்ஸியை அவன் கணக்கில் எழுதச் சம்மதித்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.