கையெழுத்தில்லாத உண்டியல்

அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் கொஞ்சத்தைத் திறைசேரி உண்டியலில், அதாவது இலங்கை அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரத்தில், போடலாம் என்று சொன்னது நான்தான். 2022இல் அதன் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் கிளம்பியபோது அந்தக் காலம் போய்விட்டது. பரவாயில்லை. 2023இல் அரசு தன் உள்நாட்டுக் கடன்களை மறுசீரமைத்தபோதுகூடப் பொதுமக்கள் வைத்திருந்த உண்டியல்களில் கை வைக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

யாழ் நகரில் ஒரு வங்கிக்குப் போனோம். முதலில் நிலையான வைப்பைத்தான் காட்டினார்கள். அப்புறம் படிவம் வந்தது. அடையாள அட்டைப் பிரதி சரி. மின்கட்டணச் சிட்டை இன்னும் தாத்தா பெயரில் இருந்ததால், விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வதிவிடச் சான்று வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் எடுக்க வேண்டியதாயிற்று.

உண்மையில் இழுத்தடித்தது கையெழுத்துத்தான். அப்பா கணக்குத் திறந்தபோது ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். இப்போது தமிழில் போடுகிறார், அதுவும் நடுங்கும் கையால். "ஐயா, பழையது போலப் போடுங்கோ" என்றார் வங்கியில் இருந்த பிள்ளை. மூன்று தரம் போட்டும் பொருந்தவில்லை. கடைசியில் மாதிரிக் கையொப்ப அட்டையையே புதிதாக எழுதிக் கொடுத்தோம். உண்டியல்களை விற்கும் ஏலம் புதன்கிழமை, அந்த வாரம் தவறிவிட்டது.

அடுத்த வாரம் 91 நாள் உண்டியல் ஒன்று வாங்கினோம். வட்டி தனியாக வராது. முகப்பெறுமதியைவிடக் குறைவாகக் கட்டி, முதிர்வில் முழுத்தொகையையும் வாங்க வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி வேண்டுமென்றால் நீண்டகாலக் கடன் பத்திரமான திறைசேரி முறிக்குப் போக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அப்பா கேட்டார்: "கையெழுத்துப் போட்ட கடதாசி ஒண்டும் தர மாட்டினமோ?"

தர மாட்டார்கள். உண்டியலுக்கு 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருந்தது, முறிக்கு 1937ஆம் ஆண்டினது. இரண்டும் 2004இல் திருத்தப்பட்டு, கடதாசிப் பத்திரம் இல்லாமலே வெளியிட வழி செய்யப்பட்டது. உரிமை மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் பதிவேட்டில் நம் பெயரில் இருக்கும். இதை விளக்கினேன். "என்னட்டை மட்டும் மூண்டு தரம் வாங்கிச்சினமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு மத்திய வங்கியிலிருந்து கணக்குக் கூற்று வந்தது. அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, காணி உறுதிகள் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.