ஓ'கானரின் மூன்று அங்குலம், கீத்தின் ஈயக் குண்டு

1925ல் வின்செஸ்டர் கம்பெனி மாடல் 54 என்ற ரைபிளோடு .270 என்ற புதுத் தோட்டாவையும் கடைக்கு அனுப்பியது. 130 கிரெய்ன் எடையுள்ள குண்டு (ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15 கிரெய்ன்), நொடிக்கு 3,140 அடி வேகம். அன்றைக்கு அது அசுர வேகம். ஆனால் முதல் உலகப் போரில் பேர் வாங்கிய .30-06 தோட்டா ஏற்கெனவே அமெரிக்க வேட்டைக்காரர்களின் கையில் இருந்தது. அதை வைத்திருக்கும் ஒருவர் இன்னொரு ரைபிள் வாங்கக் காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தை ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்தவர் ஜாக் ஓ'கானர்.

1902ல் அரிசோனாவில் பிறந்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 1940களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் 'அவுட்டோர் லைஃப்' மாத இதழின் துப்பாக்கிப் பக்கம் அவருடையது. .270 இன்றைக்கும் எல்லாத் துப்பாக்கிக் கடையிலும் கிடைப்பதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய காரணம். இதை எல்லாரும் சொல்வார்கள். அவர் கற்றுக்கொடுத்ததில் தோட்டாவின் பேர் ஆகச் சின்ன விஷயம் என்பது என் எண்ணம். பெரிய விஷயம், ரைபிளைக் குறி கட்டும் முறை, அதாவது எந்தத் தூரத்தில் குண்டு எங்கே விழ வேண்டும் என்று ஸ்கோப்பைத் திருப்பி வைப்பது.

அவருடைய கணக்கு இது. .270ஐ 100 கெஜத்தில் குறிக்கு நேராகக் கட்டாதே, 3 அங்குலம் மேலே கட்டு. 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,060 அடியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கெஜத்தில் 3 அங்குலம் மேலே, 150ல் மூன்றரையைத் தாண்டி உச்சம், 200ல் 3 அங்குலத்துக்குச் சற்றே கூட, 275க்கு அருகில் பார்வைக்கோட்டைத் தொடும். 300ல் ஒன்றரை அங்குலம் கீழே, 325ல் ஏறக்குறைய 4 அங்குலம் கீழே. மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 8 அங்குலத்துக்குக் குறையாது. ஆகவே 300 கெஜம் வரை தூரத்தை அளக்கவே வேண்டாம், நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினால் போதும். தூரமானி கையில் இல்லாத காலத்தில் மலைச்சரிவில் நின்ற ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறை: ரைபிளை மணல்மூட்டையில் வைத்து முதலில் 25 கெஜத்தில் சுட்டு, குறியின் நடுவில் விழும்படி ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும். குழலின் நடுவுக்கும் ஸ்கோப்பின் நடுவுக்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி இருந்தால், 25ல் நேராக விழுந்த குண்டு 100ல் சரியாக 3 அங்குலம் மேலே விழும். பிறகு 100க்குப் போய் மூன்று குண்டு சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தவறு நடப்பதும் இங்கேதான். பலர் 25 கெஜத்தோடு நிறுத்திக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே கால் அங்குலம் விலகினால் 100ல் அது ஓர் அங்குலம், 300ல் மூன்று. ஸ்கோப் உயரமும் ஆளைக் கவிழ்க்கும். பெரிய கண்ணாடி வைத்த இன்றைய ஸ்கோப்புக்கு உயரமான வளையம் போட்டு இடைவெளி 2 அங்குலம் ஆகிவிட்டால், 25ல் நேராகக் கட்டிய அதே ரைபிள் 100ல் நாலரை அங்குலம் மேலே சுடும். நெஞ்சின் நடுவில் வைத்தால் அது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்துக்கு மேலே போகிற அளவு. ஓ'கானரின் ஸ்கோப் 4 மடங்குதான், குழலை ஒட்டித் தாழ்வாகப் பூட்டியது. இதைப் படிக்காமல் '3 அங்குலம்' என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் வேகம் குறைந்த .30-30 தோட்டாவுக்கும் அதையே கட்டினார்கள். .30-30இன் குண்டு 200 கெஜத்துக்கு முன்பே பார்வைக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், 300ல் எங்கே விழும் என்றே கேட்க வேண்டாம். அந்த மூன்று அங்குலம் அந்த வேகத்துக்கு மட்டுமே சொன்ன மூன்று அங்குலம்.

ஓ'கானர் தாழ்வான ஸ்கோப்பை வலியுறுத்தியதற்குக் காரணம் கட்டை, தோளில் பதியும் மரப்பகுதி. கன்னம் கட்டையில் பதிந்தபடியே கண் ஸ்கோப்பின் நடுவுக்கு வர வேண்டும். கன்னத்தைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். ஸ்போக்கேன் ஊர்க் கைவினைஞர் ஆல் பீசன் அவருக்குச் செய்துகொடுத்த வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள்களின் கட்டை மெலிந்த, நேரான வடிவம். அதே காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து மேடு தூக்கிய, பளபளக்கும் கட்டைகள் வந்து சந்தையை நிறைத்துக்கொண்டிருந்தன. 1968ல் ரூகர் கம்பெனி மாடல் 77ஐ வெளியிட்டபோது போட்டது அந்த நேரான கட்டைதான். இன்று 'கிளாசிக்' என்று விற்பதெல்லாம் அந்த வகைதான்.

1964ல் வின்செஸ்டர் மாடல் 70ஐச் செலவு குறைவாகச் செய்யும்படி மாற்றியபோது, துப்பாக்கி எழுத்தாளர்கள் எவ்வளவு பலம் உள்ளவர்கள் என்று தெரிந்தது. பழையதில் நீளமான பற்றுக்கொக்கி ஒன்று இருக்கும். தோட்டா பெட்டியை விட்டு மேலே வரும்போதே அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டைப் பாதிவழியில் பின்னால் இழுத்தாலும் தோட்டா அதோடு திரும்பி வரும். புதியதில் போல்ட் முழுதாக மூடிய பிறகுதான் கொக்கி பிடிக்கும். பதற்றத்தில் பாதி தள்ளி இழுத்தால் முதல் தோட்டா குழல்வாயிலேயே தங்கிவிடும், அடுத்தது அதன் பின்புறத்தில் போய் முட்டும். கையால் பிடுங்கும் வரை துப்பாக்கி இல்லாத மாதிரிதான். கட்டையின் பிடிமானக் கோடுகளைக்கூடக் கையால் செதுக்காமல் அச்சால் அழுத்தியிருந்தார்கள். பத்திரிகைகளில் வந்த கண்டனம் ஓயவே இல்லை. கடைசியில் 1990களின் தொடக்கத்தில் கொக்கி திரும்பி வந்தது. '64க்கு முந்தியது' என்ற சொல்லுக்கு இன்றும் பழைய துப்பாக்கிச் சந்தையில் தனி விலை.

வேகமான சின்னக் குண்டு போதும் என்ற ஓ'கானருக்கு எதிர்முகாமில், கனமான பெரிய குண்டு வேண்டும் என்று இருந்தவர் எல்மர் கீத். 1899ல் மிசூரியில் பிறந்தவர், ஐடஹோவின் சால்மன் ஆற்றுப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர், வேட்டைக்கு ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. அவர் பார்த்தது அடர்ந்த காட்டுக்குள் முந்நூறு கிலோ எல்க் கடமான். அது காட்டுவது பெரும்பாலும் பின்புறத்தை. வந்த விருந்தாளி சின்னக் குண்டால் காயப்படுத்திவிட்டால், இருட்டும்வரை ரத்தத் தடம் பிடித்து அலைய வேண்டியவர் அவர். அதனால் 250 கிரெய்னுக்குக் குறைந்த குண்டை அவர் மதிக்கவில்லை. ஓ'கானர் நின்றதோ சொனோரா பாலைவனத்திலும் காட்டுச் செம்மறிகள் மேயும் வெட்டவெளி மலையிலும். தூரம் அதிகம், விலங்கு சின்னது, பக்கவாட்டில் நிற்கும். இருவரும் தத்தம் நிலத்துக்குச் சரியாகத்தான் எழுதினார்கள். படித்தவர்கள் தோட்டாவை வாங்கினார்கள், நிலத்தை விட்டுவிட்டார்கள். ஓ'கானரே சிங்கம், புலி என்று போனபோது .375 என்ற பெரிய தோட்டா வகையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கங்களை .270 பக்தர்கள் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கீத் பக்கம் சாய்ந்தவர்களுக்கு வேறு கஷ்டம். அவர் நண்பர்களோடு உருவாக்கிய .333 தோட்டாவின் வழியில் 1958ல் வந்தது .338 வின்செஸ்டர் மேக்னம். அதன் உதை .270இன் உதையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்டுக்கு ஒரு பெட்டி மட்டும் சுடுகிறவர் அதைத் தூக்கினால் டிரிக்கரை இழுப்பதற்கு முன்பே தோள் பயந்து முன்னால் தள்ளும், குண்டு தாழ்ந்து போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கூட வரும் ஒருவர் கண்ணில் படாமல் நல்ல தோட்டாவையும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாவையும் கலந்து போட வேண்டும். வெற்றுத் தோட்டாவில் 'டிக்' என்ற சத்தத்தோடு குழல்முனை குனிந்தால் நோய் அதுதான்.

இந்தச் சண்டையைத் தீர்த்தது பேச்சு அல்ல, குண்டின் உள்கட்டமைப்பு. செம்பு உறைக்குள் ஈயத்தை ஊற்றிய அன்றைய சாதாரணக் குண்டு, .270இன் வேகத்தில் பக்கத்திலிருந்து தோள் எலும்பில் பட்டால் சில்லுச் சில்லாகச் சிதறும். கீத் சொன்னது பொய் இல்லை. ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸ் என்ற பெரிய மான் மேல் குண்டுகள் சிதறுவதைக் கண்டு, உறையின் நடுவே ஒரு செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். 1948ல் விற்பனைக்கு வந்தது. முன்பாதி விரியும், தடுப்புக்குப் பின்னால் உள்ள பாதி அப்படியே உள்ளே போகும். அதன் பிறகு '.270 எல்க்குக்குப் போதுமா' என்ற கேள்வி 'எந்தக் குண்டு போட்டாய்' என்று மாறிவிட்டது.

எழுத்தாளர்கள் பேசிய பேச்சால் ஒரு தோட்டா சரிந்த கதையும் உண்டு. 6 மி.மீ. தோட்டாக்களைத் தூக்கிப் பிடித்தவர் 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழின் வாரன் பேஜ். 1955ல் வின்செஸ்டர் .243ஐயும் ரெமிங்டன் .244ஐயும் கொண்டுவந்தன. ரெமிங்டன் குழலின் உள்புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வின்செஸ்டரில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நீளமாக ஆக, நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். ரெமிங்டன் 75, 90 கிரெய்ன் குண்டுகளோடு நின்றது. மானுக்கு 100 கிரெய்ன் வேண்டும் என்பது பத்திரிகைப் பேச்சு, அதை .243தான் கொடுத்தது. ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக்கி, 1963ல் பேரையே 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றியும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 90க்கும் 100க்கும் இடையில் மானுக்கு என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் படித்தவர்கள் செய்த தவறு இதைவிட ஆபத்தானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைச் சுட்டவர், பெரும்பாலானவற்றை 7 மி.மீ. ரைபிளால். '7 மி.மீ. போதும்' என்ற வரி மட்டும் ஊர் சுற்றியது. அவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தது, விரியாத 173 கிரெய்ன் குண்டு மட்டுமே போட்டது, இதெல்லாம் கூட வரவில்லை.

நம் பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்த கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரிக் காடுகளில் தூக்கியது வின்செஸ்டர் மாடல் 1895, .405 தோட்டா. 1909ல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், சிங்கத்துக்கு ஏற்றது என்று எழுதிப் புகழ் ஏற்றிய அதே ரைபிள்.

பழைய பத்திகளில் இன்று மிகவும் கவனமாகப் படிக்க வேண்டியது, தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்களுக்கான வெடிமருந்து அளவுகளைத்தான். ஓ'கானர் 130 கிரெய்ன் குண்டுக்கு 4831 என்ற எண் கொண்ட மருந்தை 62 கிரெய்ன் போட்டார். அது 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளிலிருந்து போருக்குப் பின் மிஞ்சிய மருந்து, இன்றைய புதுத் தயாரிப்பைவிட நிதானமாக எரிவது. இன்றைய கையேடுகளின் உச்சவரம்பு 60ஐ ஒட்டியே நிற்கிறது. கீத்தின் கணக்கிலும் இதே பாடம் உண்டு. .44 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவில் அவர் 2400 என்ற மருந்தை முதலில் 18.5 கிரெய்ன் போட்டார். அன்றைய பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் உள்ளே குடைந்து இருக்கும், மருந்துக்கு இடம் அதிகம். கெட்டியான அடியுள்ள புதுக் கூடுகள் வந்ததும் அதே அளவுக்கு அழுத்தம் ஏறும் என்று ஒரு கிரெய்ன் குறைத்து 17.5 ஆக்கினார். பழைய இதழை மட்டும் பார்த்துப் புதுக் கூட்டில் 18.5 போடுகிறவரின் நிலை என்ன? எந்த எண்ணாக இருந்தாலும் இன்றைய கையேட்டின் உச்சத்திலிருந்து பத்து சதவீதம் கீழே ஆரம்பித்து, அரை அரை கிரெய்னாக ஏற வேண்டும். ரிவால்வராக இருந்தால் இன்னும் சிறிய படியாக. போல்ட் இறுகினாலோ, பிரைமர் தட்டையானாலோ, கூட்டின் அடியில் பளபளப்பாக ஒரு வட்டத் தடம் விழுந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரிவால்வரில் வெற்றுக்கூடு வெளியே வர அடம்பிடித்தால் அதுவே எச்சரிக்கை.

கீத் விட்டுப்போனதில் எனக்கு மிகவும் பிடித்தது .44 மேக்னம் இல்லை. அதற்காக அவர் கம்பெனிகளை வருடக்கணக்கில் நச்சரித்தார், 1950களின் நடுவில் அது வந்தது, கூடு எட்டில் ஒரு அங்குலம் கூடுதல் நீளம், பழைய .44 ரிவால்வரில் தவறியும் நுழையாமல் இருக்க. பிடித்தது, அவர் வரைந்த 250 கிரெய்ன் வார்ப்பு ஈயக் குண்டு, அச்சு எண் 429421. தட்டையான அகலமூக்கு. சம அகலத்தில் மூன்று வளையங்கள், முன்வளையம் முழு விட்டம். மெழுகுக்குச் சதுரமான ஆழப் பள்ளம். முன்வளையம் கூட்டுக்கு வெளியே நிற்பதால், சுடுவதற்கு முன்பே சிலிண்டர் துளையின் முன்வாயில் உட்கார்ந்து குண்டை நடுவில் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் அச்சு செய்தவர்கள் குண்டு சுலபமாகக் கழன்று விழட்டும் என்று சதுரப் பள்ளத்தை வளைத்தார்கள், முன்வளையத்தை மெலிதாக்கினார்கள். கீத் அதைக் குறைசொல்லி எழுதிக்கொண்டே இருந்தார்.

'கீத் வடிவம்' என்று விற்கும் அச்சை வாங்கினால் முதலில் பத்துக் குண்டு வார்த்து, மூன்று வளையங்களையும் மைக்ரோமீட்டரால் தனித்தனியாக அளந்து பாருங்கள். பிறகு தோட்டா எதுவும் இல்லாத சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் குண்டை முன்பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள். பென்சிலால் லேசாக அழுத்தினால் இறங்க வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறியது: சூடான வாயு அதன் பக்கவாட்டில் நழுவி ஈயத்தை உருக்கி, குழலின் தொடக்கத்தில் சாம்பல் நிறக் கோடாகப் பூசிவிடும், ஐம்பது தோட்டாவுக்குள் குறி சிதற ஆரம்பிக்கும். சுத்தியல் கேட்டால் துளை சிறியது, பெரும்பாலும் ஆறில் ஒன்றோ இரண்டோ மட்டும் அப்படி இருக்கும். அதைத் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்து மற்றவற்றின் அளவுக்குத் தேய்த்து எடுக்கச் சொல்ல வேண்டும்.