பழைய மாஸியின் டீசல் டேங்க்: வெல்டிங் வேண்டாம், ஈயம் போதும்

பழைய மாஸி 1035 டிராக்டர் வைத்திருக்கிறவர் டேங்க் ஒழுகுகிறது என்று சொன்னால் போதும், கேட்கிறவர் வாயிலிருந்து வருகிற முதல் பதில் "புதுசு வாங்கிப் போடு" என்பதுதான். வாங்கலாம், கிடைக்கவும் செய்கிறது. நான் எங்கள் வண்டியோடு வந்த டேங்கையே சரிசெய்து மாட்டினேன். கொஞ்சம் பிடிவாதம், மீதி கணக்கு. வெளியே விற்கிற டேங்குகளில் நான் கையில் எடுத்துப் பார்த்தவை எல்லாம் தகரம் மெலிசு. பழைய தகரம் அடியில் ஒரு மூலையில் மட்டும்தான் போயிருந்தது, மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

இந்த வண்டியின் மூலம் 1956ல் இங்கிலாந்தில், கவென்ட்ரியில் வந்த ஃபெர்குசன் 35. அடுத்த ஓரிரு வருடத்தில் அந்த கம்பெனியின் பெயர் மாஸி ஃபெர்குசன் ஆனது, 1960ல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி தொடங்கி அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. டேங்க் இருக்கும் இடம் மட்டும் மாறவேயில்லை: பானெட்டுக்குள், இன்ஜின் தலைக்கு மேல். கீழேயிருந்து சூடு, நாள் முழுக்க அதிர்வு. டேங்க் உட்காரும் பட்டையில் யாரோ எந்தக் காலத்திலோ சைக்கிள் டியூப் துண்டு வைத்திருந்தார்கள், அதற்குள் மழைத் தண்ணீர் தங்கித் தங்கி வெளியிலிருந்து ஒரு அரிப்பு. உள்ளேயிருந்து இன்னொன்று.

இந்த உள்ளே நடக்கிற விஷயத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பாதி டேங்க்கோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால், இரவுக் குளிரில் டேங்குக்குள் இருக்கிற காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். தண்ணீர் டீசலைவிட கனம், எனவே அடியிலேயே கிடக்கும், துருப்பிடிக்க வைக்கும். வெளியே சொட்டுவதற்கு ரொம்ப முன்னாடியே அந்தத் துரு ஃபில்டருக்கு வந்திருக்கும். எங்கள் வண்டியில் இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புவது ரோட்டரி பம்ப். அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, போகிற டீசலே அதற்கு ஆயில். டீசலோடு தண்ணீரும் துருத்தூளும் போனால் பம்ப் வேலை வந்துவிடும், அந்தச் செலவுக்கு முன்னால் டேங்க் விலை ஒன்றுமேயில்லை. அதனால் ஓட்டையை அடைப்பதை மட்டும் யோசிக்காதீர்கள், உள்ளே சுத்தம் செய்வதுதான் வேலையில் முக்கால்வாசி.

வயலில் நிற்கும்போது ஒழுகினால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம், சோப்பு டீசலில் கரையாது, பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அது வீடு வரைக்கும்தான். பிசைந்து ஒட்டுகிற பசை வகைகளும் டீசல் ஊறிய தகரத்தில் நிற்காது.

அப்புறம் வெல்டிங். இங்கேதான் ஆட்கள் செத்துப் போகிறார்கள், சும்மா சொல்லவில்லை. "டீசல்தானே, பெட்ரோல் இல்லையே" என்பார்கள். நம் நாட்டு டீசலுக்கான தரம் தீப்பற்றும் புள்ளி, அதாவது அதன் ஆவி நெருப்பைப் பிடிக்கிற சூடு, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும் என்கிறது, கோடை மத்தியானத்தில் கொட்டகையே அந்தச் சூட்டில் இருக்கும், வெல்டிங் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிற சொட்டு ஆவியானால் காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டுவிட்டு வெல்டிங் வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு, புகை இருந்தால் ஆக்சிஜன் இருக்காது என்று நினைப்பு. பெட்ரோல் இன்ஜின் புகையென்றால் ஓரளவுக்காவது சரி. டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது உள்ளே இழுத்த காற்றில் பெரும்பகுதியை எரிக்காமல்தான் வெளியே தள்ளுகிறது, அந்தப் புகையில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது. அதை நம்பி நெருப்பு வைக்க முடியாது.

நான் போனது ரேடியேட்டர் கடைக்கு. செம்பு ரேடியேட்டர் காலத்து ஆள், இப்போது வருவதெல்லாம் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் என்பதால் அவருக்கு வேலை குறைவு. பார்த்த உடனே, "தம்பி, உள்ள நல்லா கழுவிட்டு எடுத்துட்டு வாங்க. வாசம் அடிச்சா நான் கை வைக்க மாட்டேன்" என்றார். இப்படிச் சொல்கிற ஆளிடம்தான் டேங்கைக் கொடுக்க வேண்டும்.

கழுவினேன். முதலில் சுடுதண்ணீரும் துணி சோப்புத் தூளும், டீசல் வாசம் போகும்வரை மாற்றி மாற்றி. துருவைத் தட்டிவிட உள்ளே நட்டு போல்ட்டு போடுவார்கள், டேங்குக்குள் தடுப்புத் தகடு இருந்தால் அதன் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வரவே வராது. ஒரு துண்டு சங்கிலி போதும், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். குலுக்கிக் குலுக்கிக் கை கழன்றுவிடும் என்பது வேறு விஷயம். டேங்கைச் சாக்கில் சுற்றி வண்டியின் பின்சக்கரத்திலேயே கட்டி, அந்தப் பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி லோ கியரில் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. செய்தால் மற்ற சக்கரங்களுக்கு நல்ல கட்டை கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது அது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

மிச்சத் துருவுக்குக் கக்கூஸ் ஆசிட் ஊற்றாதீர்கள். துருவோடு நல்ல தகரத்தையும் தின்னும், கழுவி முடிப்பதற்குள் மறுபடி சிவப்பேறும். வெளிநாட்டில் பழைய டிராக்டர் பிரியர்கள் மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப் பாகில், தண்ணீர் கலந்து வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். நம்மூரில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அதை நினைத்தவுடன் வாங்க முடியாது, சாராயத்துக்குப் போகிற சரக்கு என்பதால் அரசுக் கட்டுப்பாடு. மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கணக்கில் கரைத்து, ஓட்டை மேல் டியூப் ரப்பர் வைத்துக் கட்டி, ஒரு நாள் ஊறவிட்டேன். தண்ணீர் கறுத்துப்போய் வந்தது. உடனே ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். துரு போன பிறகு, ஒரு ஓட்டையாக இருந்தது மூன்றாகத் தெரிந்தது. இது நல்லது, துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகள்தான், இப்போதே தெரிந்துவிட்டது.

ரேடியேட்டர் கடையில் அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டேங்கைத் திருப்பி, ஓட்டை உள்ள பக்கம் மேலே வரும்படி வைத்து, அதற்கு ஒரு விரல் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பினார், ஆவி சேர உள்ளே இடமே இல்லாமல். தகரத்தை வெள்ளையாகச் சுரண்டினார். பழைய டார்ச் செல்லின் துத்தநாக உறையை ஆசிட்டில் போட்டு, பொங்குவது நிற்கும்வரை விட்டு, அந்தத் தண்ணீரைத் தடவினார். எண்ணெய் டின்னில் வெட்டிய தகரத் துண்டுக்கும் டேங்குக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூட்டுக்கோலால் ஒட்டினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 200 டிகிரி பக்கம் உருகிவிடும், வெல்டிங் சூட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, தகரமும் கோணாது. ஜிங்க் பூசிய ஷீட்டை ஒட்டலாமா என்று கேட்டேன், கூடாது என்றார். காரணம் அவர் சொல்லவில்லை. டீசலில் துத்தநாகம் கரைந்து சோப்பு போலப் படிந்து இன்ஜெக்டரை அடைக்கும் என்பது பிறகு படித்தது.

முடிந்ததும் அந்த ஆசிட் தண்ணீரைச் சோடா போட்டுக் கழுவியே ஆக வேண்டும், விட்டால் பற்று வைத்த இடத்தைச் சுற்றிப் புதுத் துரு வரும். சோதனைக்கு எல்லா வாயையும் அடைத்து, வெளியே சோப்பு நுரை தடவி, வாயால் ஊதினாலே தெரிந்துவிடும். கம்ப்ரசர் வைத்தால் டேங்க் உப்பிவிடும், ஜாக்கிரதை.

உள்ளே ஊற்றிப் பூசுகிற எபாக்சி வகை எதுவும் நான் போடவில்லை. ஒழுங்காகக் காயாமல் பிடித்தால் பின்னால் தோல் தோலாக உரிந்து குழாயை அடைக்கும், டேங்கை மறுபடி இறக்கணும்.

மாட்டும்போது மூடியில் இருக்கிற காற்றுத் துளையை ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி அரை மணி ஓடிவிட்டு டீசல் வராமல் நிற்கும், நீங்கள் பம்பைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். புது ஃபில்டர் போட்டு ஏர் எடுக்கணும், அதாவது டீசல் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றணும்: ஃபில்டர் மேலே இருக்கிற திருகைத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப்) கைப்பிடியை நுரை நிற்கும்வரை அடித்து, பிறகு ரோட்டரி பம்பின் திருகுகள், கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகள். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு அந்த ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், என்ன கழுவினாலும் மிச்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

வெளியே கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். மாமா சிவப்புதான் அடிச்சிருக்கணும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பானெட்டை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.