தோரோ: இரண்டாயிரம் வருடத்து வரப்புகள்

ஜப்பானின் ஷிஸுவோகா நகரம் வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் புல்லட் ரயில் ஜன்னலில் ஃபூஜி மலையைத் தேடுவதோடு சரி. என்னைக் கேட்டால், தோரோவுக்காகவே அங்கே இறங்கலாம். வீடுகளும் கடைகளுமாக இருக்கிற தெருக்களுக்கு நடுவே யயோய் காலத்து (ஜப்பானில் நெல் விவசாயம் பரவிய காலம்) உழவர் ஊர் ஒன்று, சுமார் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது.

1943-இல் போர்த் தளவாடத் தொழிற்சாலை கட்ட மண்ணைத் தோண்டியபோதுதான் இது தட்டுப்பட்டது. முறையான அகழாய்வு 1947-இல் தொடங்கியது. குண்டுவீச்சில் நகரம் எரிந்து இரண்டே வருடம். நாடெங்கும் சோற்றுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்திலும் ஆய்வாளர்களோடு மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் சேற்றில் இறங்கி வேலை செய்திருக்கிறார்கள். அதுவரை பள்ளிகளில் தெய்வ வம்சத்து அரசர்களின் கதைதான் வரலாறாக இருந்தது. இங்கே வெளிப்பட்டதோ நெல் விளைத்துச் சாப்பிட்ட சாதாரண ஜனங்களின் வாழ்க்கை. அதனாலேயே தோரோ எனக்குப் பெரிய இடம். ஜப்பான் தொல்லியல் சங்கம் 1948-இல் உருவானதும் இந்த அகழாய்வின் தொடர்ச்சியாகத்தான்.

வெள்ளம் வந்து ஊரை மூடிவிட்டது. நிலத்தடி ஈரத்தில் மரம் மட்காமல் தங்கியது. அருங்காட்சியகத்தில் மரத்தில் செய்த மண்வெட்டிகளையும், சேற்றில் கால் புதையாமலிருக்கக் கட்டிக்கொண்ட பலகைகளையும் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் நின்றேன். வயலும் அப்படித்தான்: வரப்பு சரியாமலிருக்க இரு பக்கமும் மரப்பலகைகளை வரிசையாக அடித்து இறக்கியிருக்கிறார்கள். ரம்பம் இல்லாத காலம். பலகை ஒவ்வொன்றும் மரத்தைப் பிளந்து எடுத்தது. எத்தனை பேருடைய உழைப்பு!

வெளியே கூரை வீடுகளையும் நெற்களஞ்சியத்தையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். களஞ்சியம் உயரமான கால்கள் மேல் நிற்கிறது. ஒற்றை மரத்தில் படி செதுக்கிய ஏணி. ஒவ்வொரு காலின் உச்சியிலும் குடை விரித்த மாதிரி ஓர் அகலப் பலகை. எலி எவ்வளவு ஏறினாலும் அதைத் தாண்ட முடியாது. விளைந்த நெல்லைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று மனசு நெகிழ்ந்தது. பக்கத்து வயலில் இன்றும் சிவப்பரிசி நெல் நடுகிறார்கள்.

ரயில் நிலையத்தின் தெற்கு வாசலில் பஸ் கிடைக்கும், கால்மணி நேரப் பயணம். வயலையும் வீடுகளையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் விடுமுறை, அன்றைக்கு மட்டும் போகாதீர்கள்.